உத்திரட்டாதியில் பிறந்த குதிரை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். போகப்போக நீங்களாகவே கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே ஒப்புக்கொள்வது எனக்குக் கொஞ்சம் மரியாதை. பதிமூன்று வயதில், கான்வென்ட் ஆங்கிலமும், அறிவியலில் வகுப்பிலேயே முதலிடமும் இருந்தும், ஒரு பந்தயக் குதிரை ஓடாததற்குக் காரணம் அதற்கு ஏழரைச் சனி நடப்பதுதான் என்று நான் நம்பினேன். நம்பினேன் என்பதுகூடப் பாதி உண்மைதான். அந்த நம்பிக்கைக்கு வேண்டிய ஆதாரத்தை மூச்சிரைக்க ஓடிப்போய் வாங்கிவந்து வீட்டில் கொடுத்தவனே நான்தான்.

இன்றைக்கும் ஈர வைக்கோலும் குதிரை வியர்வையும் மூட்டுக்குத் தேய்க்கும் தைலமும் கலந்த வாசனை எங்கிருந்தாவது வந்தால், என் கண்ணுக்கு முன்னால் கல்கத்தாவின் ஜனவரிப் பனி இறங்கிவிடும். அப்போது அந்த ஊர் கல்கத்தாதான். மைதானத்தை மூடிக்கொண்டு கிடக்கும் பனிக்குள் குளம்புச் சத்தம் மட்டும் முதலில் கேட்கும், பிறகு மூச்சுப் புகை தெரியும், அதற்கும் பிறகுதான் குதிரை தெரியும். வரிசையாகப் பத்துப் பதினைந்து குதிரைகள் அப்படிப் புகைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து மறுபடியும் புகைக்குள் மறையும். எல்லாம் போய் முடிந்து, பார்க்க வந்தவர்கள் மண்குவளையில் டீ குடித்து முடிக்கும் சமயத்தில், அவசரமே இல்லாத இன்னொரு குளம்புச் சத்தம் கேட்கும். அது எங்கள் குதிரை.

எங்கள் என்றால், நெல்லையப்பன் மாமாவினுடையது. அவர் அம்மாவின் தம்பி. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கார்டன் ரீச்சில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். மாமாவுக்கு அதே பக்கத்தில் கப்பல் தளத்தில் வேலை. எங்கள் வீட்டு முன்னறையில் வாசம். திருநெல்வேலி டவுனிலிருந்து வந்து எட்டு வருஷமாகியும் வங்காளியில் "எக்டு ஆஸ்தே" என்பதைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ளாத மனிதர். கொஞ்சம் மெதுவாக என்று அதற்குப் பொருள். மினி பஸ் ஓட்டுநரிடம் சொல்லக் கற்றதை அவர் குதிரைக்குச் சொல்லியிருக்கக் கூடும் என்று அப்பா பின்னாளில் சந்தேகப்பட்டார்.

அலுவலகத்தில் நாலைந்து வங்காளி நண்பர்கள் சேர்ந்து ஒரு குதிரைக் குட்டியை வாங்கியபோது, கூட்டத்தில் ஒருவர் பின்வாங்கிவிட, அந்த இடத்தில் மாமா போய் நின்றார். அவர் ஜென்மத்தில் ஒரு பந்தயம்கூடக் கட்டியவரில்லை, கட்டவும் மாட்டார். மற்ற கூட்டாளிகள் டிக்கெட் வாங்க ஓடும்போது இவர் மட்டும் கைகட்டி நின்று குதிரையையே பார்த்துக்கொண்டிருப்பார். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு தடவை பந்தயம் முடியும் அந்தக் கம்பத்தைத் தாண்டிப் போவதை அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைப் பேராசை என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் யாராலும் அவரைத் திட்டித் திருத்தவும் முடியவில்லை.

அம்மா முயன்றாள்.

"நாலஞ்சு பேரு சேந்து வாங்கியிருக்கீயளே, நம்ம பங்கு எந்தப் பக்கம்ல?"

"அப்படில்லாம் பிரிக்க முடியாதுக்கா."

"பிரிச்சுப் பாத்தா வாலாத்தான் இருக்கும்."

குதிரைக்குப் பெயர் வைக்கும் உரிமையை மட்டும் கூட்டாளிகள் மாமாவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவர் "பொருநை பிரின்ஸ்" என்று வைத்தார். தாமிரபரணிக்குப் பொருநை என்று இன்னொரு பெயர் உண்டு என்பதைக் கூட்டாளிகளுக்கு விளக்கி முடிக்கவே ஒரு மாலைப்பொழுது ஆனது. ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் அதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக உடைப்பார். நல்லவேளையாக, பந்தயத்தின் நடுவில் அவர் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் அதிகம் வந்ததில்லை. மாமா வாயில் அது "தம்பி". அம்மா வாயில் அது "சவம்".

பார்வைக்கு ராஜாதான், அதையும் சொல்ல வேண்டும். செம்பழுப்பு நிறம், நெற்றியில் விளக்குச் சுடர் மாதிரி ஒரு வெள்ளை. பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் வட்டத்துக்கு "பேடாக்" என்று பெயர். அங்கே அது கழுத்தை வளைத்து நடக்கும்போது தெரியாதவர்கள் எல்லாம் புத்தகத்தைப் புரட்டி இது யார் என்று பார்ப்பார்கள். நடப்பது வரைக்கும் அதற்கு இணையில்லை.

முதல் பந்தயத்தில் கூண்டுக் கதவுகள் திறந்தன, மற்றவை பறந்தன, இது நின்றது. கதவு திறந்திருக்கிறதே, காற்று வருகிறதே என்று நினைத்திருக்கலாம். இரண்டாவதில் நன்றாகத்தான் கிளம்பியது, ஆனால் எதிரே விக்டோரியா மண்டபத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தது. வெளியூரிலிருந்து வந்த எங்கள் உறவினர்களும் அதே இடத்தில் அப்படித்தான் நிற்பார்கள். மூன்றாவதில் கண்ணுக்குப் பக்கத்தில் பட்டை கட்டி ஓடவிட்டார்கள், இரண்டாவதாக வந்தது. அதுதான் மிகப் பெரிய கேடு. அன்றைக்கும் கடைசியாக வந்திருந்தால் மாமா கைகழுவியிருப்பார். ஒரு கழுத்து தூரத்தில் தோற்றது என்று சொல்லிச் சொல்லியே அடுத்த ஆறு மாதத்தை ஓட்டினார். தினமும் இரவுச் சாப்பாட்டில் அந்தக் கழுத்தின் நீளம் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது.

மழைக்காலம் முழுவதும் அதற்கு இருமல். நீராவி பிடித்தார்கள். அம்மா தன் பங்குக்கு, "சுக்கு தட்டிப் போட்டுக் குடுங்க, ஒரு குத்துப் போணி நெறையக் குடிச்சா இருமல் நிக்கும்" என்றாள். திட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் கோமதி அத்தை வருகிறாள். அப்போது அவள் அத்தை இல்லை. டாக்குரியாவில் இருந்த பிச்சையா பெரியப்பாவின் மகள். பெரியப்பா சொந்தமெல்லாம் இல்லை, எங்கள் ஊர்க்காரர், மத்திய அரசு உத்தியோகம். கோமதி பிறந்தது, படித்தது எல்லாம் கல்கத்தாவில். பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். தமிழில் தொடங்கும் வாக்கியம் வங்காளியில் போய் முடியும். கோபம் வந்தால் தொடக்கமே வங்காளிதான். மாமாவுக்கு அவளைப் பேசி எல்லாருக்கும் பிடித்துப்போய், வெற்றிலை பாக்கு மாற்றப்போகும் நேரத்தில் பெரியப்பா, மாமாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "எல்லாம் சரிதான். ரேஸ் குதிரை வச்சிருக்காருன்னு ஊர்ல கேட்டா என்ன சொல்ல? அத முதல்ல விடச் சொல்லுங்க" என்றார்.

மாமா விட்டுவிடுகிறேன் என்றுதான் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தாமல், "ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுட்டு விட்டுருதேன். தோத்துட்டு விட்டான்னு யாரும் சொல்லப்பிடாது பாருங்க" என்றார். மறுநாள் காலையில் ஏரிக்கரைப் பக்கத்துத் தமிழ்க் கோயிலுக்குப் போய், சந்நிதியில் நின்று, குதிரை ஜெயித்த பிறகுதான் தாலி கட்டுவது என்று வேண்டிக்கொண்டும் வந்துவிட்டார். கல்யாணமும் குதிரையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. 

"கோட்டி பிடிச்சிருக்கால உனக்கு? நாலு காலுள்ள சவத்த நம்பி ஒரு பொம்பளப் பிள்ளைய நிப்பாட்டி வச்சிருக்கியே" என்று அம்மா கேட்டது அன்று முழுவதும் அடுக்களையிலிருந்து அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெயிக்கிற வழியைப் பார்க்க வேண்டுமல்லவா? டிரெய்னரை மாற்றலாமா, ஜாக்கியை மாற்றலாமா என்றெல்லாம் கூட்டாளிகள் யோசித்துக்கொண்டிருந்தபோது, மாமா எங்கள் ஊர்க்காரர்கள் செய்யக்கூடியதைச் செய்தார். ஜாதகம் எழுதத் தீர்மானித்தார். துறைமுக அலுவலகத்தில் பகலில் தபால் பிரிவும் சாயங்காலத்தில் ஜோசியமும் பார்த்துவந்த சுப்பையா பிள்ளை, பிறந்த தேதி இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தேதி வாங்கிவர ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும். இங்கேதான் நான் வரலாற்றுக்குள் நுழைகிறேன்.

ஹேஸ்டிங்ஸில் எங்கள் குதிரை நின்ற லாயத்தில், காலைப் பயிற்சி முடிந்து, டிரெய்னர் கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதும் பல்வலி உள்ளவரைப் போன்ற முகம். நான் சட்டைக்காலரைச் சரிசெய்துகொண்டு, என் ஆங்கில டீச்சர் பெருமைப்படக்கூடிய உச்சரிப்பில், பொருநை பிரின்ஸின் பிறந்தநாள் எது என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் ஜானுவரி" என்றார்.

காலையிலா மாலையிலா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் ஜானுவரி. தட்ஸ் ஆல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பிறந்தநாளைக்கூடச் சரியாக வருஷத்தின் முதல் நாளில் வைத்துக்கொண்ட குதிரை சாமான்யக் குதிரையாக இருக்குமா என்று நான் பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். நேரத்துக்குச் சூரிய உதயம் என்று மாமாவே முடிவுசெய்தார். தம்பி அதைவிடச் சாதாரணமான நேரத்தில் பிறந்திருக்க மாட்டான் என்பது அவர் கருத்து.

சுப்பையா பிள்ளை இரண்டு நாள் எடுத்துக்கொண்டு கட்டம் போட்டுக் கொண்டுவந்தார். உத்திரட்டாதி, மீன ராசி. அந்த ராசியிலேயே இப்போது சனி உட்கார்ந்திருக்கிறான்.

"ஜென்மச் சனில்லா நடக்கு. பெறகு எப்படி ஓடும்? ஓடினாலும் கால் பிந்தும்" என்றார்.

இதைவிடத் திருப்தியான விளக்கத்தை யாராலும் தந்திருக்க முடியாது. கூண்டில் நின்றது, விக்டோரியாவைப் பார்த்தது, இருமியது, எல்லாம் சனி. மாமா முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. தம்பி மேல் தப்பில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தவற்றை இன்று நினைத்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்று நானும் கூடவே அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமைதோறும் நவக்கிரகத்துக்கு எள் விளக்கு. அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்பார். "பொருநை பிரின்ஸ், உத்திரட்டாதி" என்று மாமா சன்னமான குரலில் சொல்வார். ஒரு தடவை அர்ச்சகர், "பையன் வெளியூர்ல இருக்கானோ?" என்று விசாரித்தார்.

"இல்ல, ஹேஸ்டிங்ஸ்ல இருக்கான்."

"வேலையா?"

"தேடிக்கிட்டு இருக்கான்" என்றார் மாமா.

சந்நிதியில் குதிரை என்ற சொல்லைச் சொல்ல அவருக்கு வெட்கம், முதல் நாளே 'அவன்' என்றுதான் சொல்லியிருந்தார். ஜாதகம் வந்த பிறகு வாய்விட்டு வேண்டும்போதெல்லாம், "இந்த ஜாதகக்காரன் ஜெயிக்கணும், ஜெயிச்ச மறுமாசமே நான் தாலி கட்டிருதேன்" என்றுதான் வேண்டுவார். ஒரு நாள் எங்களுக்குப் பின்னால் கோமதி அத்தை விளக்குப் போட வந்து நின்றதை நான் பார்த்தேன். கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றாள். கணக்கு டீச்சர்கள் எதையும் உடனே சொல்லமாட்டார்கள். கரும்பலகையில் நீங்கள் கடைசி வரி எழுதும்வரை காத்திருப்பார்கள்.

சனி நடக்கும்போது சனிக்கிழமையில் ஓடக் கூடாது என்று மாமா டிரெய்னரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். குளிர்காலப் பந்தயங்கள் பெரும்பாலும் சனிக்கிழமையில்தான் நடக்கின்றன என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். சரி, ஓடும் நாளன்றாவது குளம்புக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம் என்று மாமா ஒரு நாள் வண்டிக்கு வைப்பதுபோல வைத்தார். தம்பி குனிந்து மோந்து பார்த்து, எடுத்து ஒரு கடி கடித்து, மேல்உதட்டைச் சுருட்டிக்கொண்டு, அதை டிரெய்னரின் பளபளக்கும் பூட்ஸ் மேல் துப்பியது. அன்றிலிருந்து மாமாவுக்கு லாயத்தில் பத்தடி தூரத்தில்தான் நிற்க அனுமதி. நெற்றியில் திருநீறு பூசியதற்கு அது தும்மிய தும்மலை இங்கே விவரிக்க வேண்டாம்.

ஆக, வெயிலும் மழையும் பனியுமாக ஒரு வருஷத்துக்கு மேல் போனது. பொருநை பிரின்ஸ் நான்காவதாக வந்தது, ஏழாவதாக வந்தது, ஒரு தடவை மேலிருந்த ஜாக்கியை இறக்கிவிட்டுத் தனியாக மூன்றாவதாக வந்தது, ஆனால் அது கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். மாமா முன்மயிர் நரைக்கத் தொடங்கியது. டாக்குரியாவிலிருந்து வரும் செய்திகள் குறைந்தன. பிறகு ஒரே செய்தி வந்தது: பிச்சையா பெரியப்பா பங்குனியோடு ஓய்வு பெறுகிறார். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார். கோமதியையும் கூட்டிக்கொண்டு. அங்கே ஒரு வரன் பார்த்திருக்கிறார்களாம், சொந்தமாக அரிசி மில் வைத்திருப்பவர்.

கோமதி அத்தைக்கு ஊர் என்றால் கோடை விடுமுறையில் பார்த்த வெயில். அவள் ரயில், அவள் ஏரி, அவள் பள்ளிக்கூடம், அவள் சண்டை போடும் மீன்காரர் எல்லாம் இங்கே. எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவிடம் நேராகவே கேட்டாள்.

"எப்போ ஜெயிக்கும்?"

"தையில குரு மாறிட்டாருன்னு சுப்பையா பிள்ளை சொல்லுதாரு. மீன ராசிக்குப் பதினொண்ணாம் எடம். லாபஸ்தானம். இந்த ஜாதகக்காரன் இனி ஓடுற ஓட்டத்துல ஜெயிக்காம இருக்க முடியாதுன்னு எழுதியே குடுக்கேங்காரு. அடுத்த சனிக்கிழமை ஓடுது."

"அது ஜெயிக்கலேன்னா?"

மாமா முன்னறை ஜன்னல் வழியாகத் தெரிந்த கப்பல் கிரேனைப் பார்த்தார்.

"ஒரு வேண்டுதலை வேண்டாம்னு சாமிகிட்டயே போய்ச் சொல்லிர முடியாதா?"

"சந்நிதில வச்சுச் சொன்ன வாக்கு கோமதி. அத மாத்திட்டு உன் கழுத்துல கட்டுனா, நாளைக்கு உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்கு ஒறக்கம் வராது."

அவள் காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள். "டீக் ஆச்சே, சரிதான். நானும் வாரேன், பாக்க" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போவதுபோலக் கிளம்பினோம். அம்மா பட்டுச்சேலை. அப்பா வரவில்லை, அவருக்கு அன்றைக்குப் பார்த்து ஆபீசில் வேலை வந்துவிட்டது. சுப்பையா பிள்ளை மஃப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தன் கணிப்பு பலிப்பதை நேரில் பார்க்க வந்திருந்தார். பேடாக்கில் குதிரைகள் சுற்றி வந்தன. தம்பி வழக்கம்போல மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கும் நடை நடந்தது. மாமா பத்தடி தள்ளி நின்று கையைக் கூப்பிக்கொண்டிருந்தார்.

கோமதி அத்தை என் கையிலிருந்த பந்தயப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அன்றைய பந்தயம் நான்கு வயதுக் குதிரைகளுக்கு மட்டும். அவள் புத்தகத்தை மூடி, டிரெய்னரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அந்தக் கறுப்புக் குதிரை எப்போ பிறந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஃபர்ஸ்ட் ஜானுவரி, மேடம்."

"அதுக்குப் பின்னால வர்றது?"

"ஃபர்ஸ்ட் ஜானுவரி." அவருக்குப் பல்வலி அதிகமானது. "மேடம், இந்த நாட்டில் பந்தயத்துக்குப் பதியும் எல்லாக் குதிரைக்கும் பிறந்தநாள் ஜனவரி ஒன்றுதான். வயசைக் கணக்குப் பார்ப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அது நிஜத்தில் என்றைக்குப் பிறந்ததோ, அதன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்."

என் காதுக்குள் பாய்ந்த சூட்டை இப்போதும் என்னால் உணர முடிகிறது. வாராவாரம் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தவன் நான். எல்லாமே நான்கு வயது என்றால் பிறந்த வருஷமும் ஒன்றுதான், அந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்த அத்தனை குதிரைகளும் உத்திரட்டாதி. அத்தனையும் மீன ராசி. ஒரு வருஷமாக நாங்கள் ஏற்றிய எள் விளக்கு, எங்களை ஒவ்வொரு தடவையும் தோற்கடித்த அதே வயதுக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் எரிந்திருக்கிறது. இனி குரு பதினொன்றில் நின்று எல்லாருக்கும் அள்ளிக்கொடுக்கப் போகிறார்.

நான் மாமாவிடம் ஓடப் பார்த்தேன். அத்தை என் சட்டைக்காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"துர், சும்மா இரு. ரேஸ் முடியட்டும்."

ரேஸ் தொடங்கியது. பொருநை பிரின்ஸ் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூண்டிலிருந்து முதல் ஆளாக வெளியே வந்தது. அறிவிப்பவர் அந்தப் பெயரைச் சொல்லித் தடுமாறினார், மறுபடி சொன்னார், மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. திருப்பத்தில் இரண்டு குதிரை நீளம் முன்னால். அம்மா என் தோளை நசுக்கிக்கொண்டு, "ஓடுல சவமே, ஓடு, ஓடு என் ராசா" என்றாள். மாமா கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். ஒன்றரை வருஷம் எதைப் பார்ப்பதற்காகக் காத்திருந்தாரோ அதைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. நேர்ப்பாதையில், கம்பத்துக்குக் கூப்பிடு தூரத்தில், முன்னால் யாருமே இல்லை என்பதைத் தம்பி கவனித்தது. தப்பான வழியில் வந்துவிட்டோமோ என்ற சந்தேகம் அதன் காதுகளில் தெரிந்தது. நடையைத் தளர்த்தி, திரும்பிப் பார்க்காத குறையாக, மற்றவர்கள் வருவதற்காகக் காத்தது. வந்தார்கள். போனார்கள். ஐந்தாவது.

கறுப்புக் குதிரை ஜெயித்தது.

மாமா கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சுப்பையா பிள்ளை மஃப்ளருக்குள் ஆமைபோலத் தலையை இழுத்துக்கொண்டார்.   மாமா கோமதி அத்தையின் பக்கம் திரும்பாமல், "அரிசி மில்லு நல்ல தொழில்தான்" என்றார். 

"சாமிகிட்ட என்ன சொல்லி வேண்டினீங்க?" என்றாள் அத்தை. வகுப்பில் கேட்கும் குரல்.

"என்ன?"

"எந்த வார்த்தை சொன்னீங்களோ அதச் சொல்லுங்க. நான் பின்னால நின்னு கேட்டிருக்கேன்."

"இந்த ஜாதகக்காரன் ஜெயிக்கணும், ஜெயிச்ச மறுமாசம்..."

"இந்த ஜாதகக்காரன் ஜெயிச்சாச்சு." அவள் கறுப்புக் குதிரையைக் கைகாட்டினாள். "அதுவும் ஜனவரி ஒண்ணு, அதே வருஷம். உத்திரட்டாதி, மீன ராசி. இங்க ஓடின எல்லாமே அப்படித்தான். டிரெய்னர்கிட்ட கேட்டுக்கோங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் பூட்ஸ் தடம் பதிந்த புல்லைப் பார்த்தேன். பிறகு மாமா சுப்பையா பிள்ளையைப் பார்த்தார். ஜோசியரின் தலை மஃப்ளருக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. அந்த முகத்தில் பரவிய ஒளியை நான் வேறெந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் அவர், சுற்றி நின்றவர்களிடமெல்லாம். "இந்த ஜாதகத்துக்கு இன்னைக்கு ஜெயம்னு சொன்னேனா இல்லையா? எந்தக் குதிரைன்னு நான் சொல்லவே இல்லயே. என் கணக்கு என்னைக்கும் தப்பாது."

"வேண்டுதல் நிறைவேறிருச்சுன்னு அர்த்தமா?" என்று மாமா கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"நிறைவேறினதுக்கு அப்பறமும் கட்டலேன்னாத்தான் இப்போ சாமி குத்தம்" என்றாள் கோமதி அத்தை.

அம்மா அந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்தயத் திடலில் நிச்சயதார்த்தம் நடந்த ஒரே திருநெல்வேலிக் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். மாசியில் கல்யாணம். பிச்சையா பெரியப்பா கோமதியை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். டிரெய்னருக்கும் பத்திரிகை வைத்தோம். வந்து, இலையில் வைத்த எலுமிச்சை ஊறுகாயை மட்டும் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

பொருநை பிரின்ஸ் அதற்குப் பிறகு பந்தயம் ஓடவில்லை. பாரக்பூர் பக்கத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அது புகழின் உச்சிக்குப் போனது. பயந்த குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, யாரையும் முந்தாமல், யாராவது பின்தங்கினால் நின்று காத்திருந்து நடக்கும் குதிரைக்கு அந்தப் பள்ளியில் அப்படி ஒரு கிராக்கி. மாமாவும் அத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்லக்கட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல், படுத்த இடத்தில் அது முடிந்துபோனது. அன்றைக்கு என்ன கிழமை என்று அம்மா தொலைபேசியில் கேட்டாள். சனி என்றார்கள்.

போன குளிர்காலத்தில் சென்னையிலிருந்து அலுவலக வேலையாகப் போனபோது டாக்குரியாவில் அவர்கள் வீட்டில் தங்கினேன். ஊரின் பெயர் மாறிவிட்டது. சுப்பையா பிள்ளை இல்லை. கார்டன் ரீச்சில் எங்கள் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். மண்குவளை டீ கேட்டால் பேப்பர் கப்பில் தருகிறார்கள். சனிக்கிழமைகளில் நவக்கிரகத்தைச் சுற்றும் எங்கள் ஊர்க் கூட்டத்தை விரல்விட்டு எண்ணலாம். காலையில் எழுந்து மைதானத்துப் பக்கம் போனேன். பனி அப்படியேதான் இருந்தது. குதிரைகள் வந்தன, போயின. எல்லாம் போன பிறகும், அவசரமில்லாத அந்த ஒற்றைக் குளம்புச் சத்தத்துக்காக, ஒரு மடையனைப் போலக் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது மாமா சாய்வுநாற்காலியில் பேப்பரை மார்பில் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில், சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தை வளைத்து நிற்கும் தம்பியின் படம். அத்தை உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததை அன்றுதான் கேட்டேன்.

"அத்தை, அன்னைக்கு அது காத்து நிக்காம ஓடி, நிஜமாவே ஜெயிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவள் பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்த குதிரை வாங்கியிருப்பாரு."